கைநாட்டு வைக்கும் முன் சொல்லை எடை போடுங்கள்



பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து இந்தத் தலையங்கத்தைத் தொடங்குகிறோம். சிரம்பானிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஒரு தோட்டம். அதன் பெயர் வேண்டாம். இன்று அங்கே லயங்களும் இல்லை, பால்மரங்களும் இல்லை. நிலத்தை வீடமைப்புக்குக் கொடுக்க நிர்வாகம் முடிவு செய்திருந்த நேரம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மாரியம்மன் கோயில் வாசலில் மக்கள் கூடியிருந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள்.

ஐம்பது வயதைக் கடந்த ஓர் அக்கா, பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். மலாய் மொழியில் இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில் அவருடைய கைநாட்டு ஏற்கெனவே இருந்தது.

"கம்பெனி நல்ல மனசோட மூவாயிரம் வெள்ளி குடுக்குது லாயர் தம்பி. இத்தன வருசம் சோறு போட்டவங்க. நாம மேல மேல கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

கடிதத்தைப் படித்தேன். மூன்று சொற்கள் கண்ணில் பட்டன. அவருக்குக் கொடுக்கப்படும் பணத்தின் பெயர் 'சாகுஹாத்தி'. அவர் வேலையை விட்டு விலகுவது 'சுக்காரெலா'. குறிப்பிட்ட தேதிக்குப் பிறகும் வீட்டில் இருந்தால் அவர் 'செத்திங்கான்'.

அந்த அக்கா அங்கே 22 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அன்றைக்கு அவருடைய நாள் சம்பளம் சுமார் 25 வெள்ளி. ஆள்குறைப்புக்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடு. 22 ஆண்டுக்கு 440 நாள் சம்பளம். அதாவது 11,000 வெள்ளி.

11,000 வெள்ளி சட்டப்படி வரவேண்டிய இடத்தில் 3,000 வெள்ளியை வாங்கிக்கொண்டு, கொடுத்தவருக்கு நன்றியும் சொல்ல அவர் தயாராக இருந்தார். இது எப்படி நடந்தது?

அவர் ஏமாளி என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி அரைக் கிலோ குறைத்து எழுதினால் அங்கேயே நின்று சண்டை போடுகிறவர் அவர். தராசு முள் எங்கே நிற்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் கலந்த பால் எது, கலக்காத பால் எது என்று கண்ணால் பார்த்தே சொல்வார். ஆனால் காகிதத்தில் எழுதிய சொல்லை அவர் தராசில் வைக்கவில்லை. சொல்லையும் நிறுத்துப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சொல்லித் தரவில்லை. தொழிற்சங்கக் கூட்டத்திலும் சொல்லித் தரவில்லை. நம்மைப் போன்ற படித்தவர்களும் சொல்லித் தரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

சொல் எப்படி வேலை செய்கிறது?

ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றி ஒரு நூலே எழுதினார். ஒருவர் நம்மை இணங்க வைப்பது மூன்று வழிகளில் என்றார் அவர். முதலாவது, பேசுகிறவர் மீது நமக்குள்ள மரியாதை. இரண்டாவது, நம் மனத்தில் அவர் எழுப்பும் உணர்ச்சி. மூன்றாவது, அவர் சொல்லும் நியாயம். நம் வள்ளுவரும் 'சொல்வன்மை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். யார் சொன்னாலும், சொன்னவரைப் பார்க்காமல் சொன்ன பொருளின் உண்மையைப் பார் என்று 'அறிவுடைமை' அதிகாரத்தில் அறிவுரையும் தருகிறார்.

இதை அந்த அக்காவின் கடிதத்தோடு பொருத்திப் பாருங்கள். கடிதம் துரையின் கையெழுத்தோடு வந்தது. துரை என்றால் நமக்குப் பரம்பரையாக வந்த மரியாதை. 'சாகுஹாத்தி' என்ற சொல் நன்றி உணர்ச்சியை எழுப்பியது. 'செத்திங்கான்' என்ற சொல் பயத்தை எழுப்பியது. மரியாதை, நன்றி, பயம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது நியாயம் எங்கே என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அந்த மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக நிறுப்போம்.

'சாகுஹாத்தி'

மலாய் மொழியில் 'பம்பாசான்' என்று ஒரு சொல் இருக்கிறது. இழப்பீடு என்று பொருள். 'சாகுஹாத்தி' என்றால் மனம் குளிரக் கொடுக்கும் அன்பளிப்பு. போட்டியில் தோற்ற பிள்ளைக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசுக்கும் இதே சொல்தான்.

அன்பளிப்பு கொடுக்கிறவர் விருப்பம். கொடுத்தாலும் கொடுக்கலாம், விட்டாலும் விடலாம். தொகையை அவரே முடிவு செய்வார். வாங்குகிறவர் கைகூப்பி வாங்க வேண்டும். இழப்பீடு அப்படி அல்ல. அது கடன். கடன் கொடுத்தவன் தன் பணத்தைத் திரும்ப வாங்கும்போது யாராவது கும்பிடு போடுவானா?

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தாலே ஆள்குறைப்பு இழப்பீட்டுக்கு உரிமை உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். வேலை முடிந்த 7 நாளுக்குள் இந்தப் பணம் கைக்கு வர வேண்டும். இதில் எந்த இடத்திலும் 'நல்ல மனசு' என்ற பேச்சே இல்லை.

'சுக்காரெலா'

இந்தச் சொல் இன்னும் ஆபத்தானது. 'மனமுவந்து' என்று பொருள். தொழிலாளி தானாக வேலையை விட்டுப் போனால் ஆள்குறைப்பு இழப்பீடு கிடையாது என்பது அதே விதிமுறைகளில் உள்ளது. ஆக, கடிதத்தில் இந்த ஒரு சொல் இருந்தால், நிர்வாகம் தோட்டத்தை மூடியது என்ற கதை மாறி, தொழிலாளி வேலையை விட்டு நடந்தார் என்ற கதை ஆகிவிடுகிறது. வாக்கியத்தில் எழுவாய் மாறினால் பணம் கைமாறிவிடும். இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்தபோது நாம் தூங்கி வழிந்தோம். அது எதற்கு உதவும் என்று அன்று தெரியவில்லை.

மரத்தை வெட்டியது யார்? வேலையை நிறுத்தியது யார்? வீட்டைக் காலி செய்யச் சொன்னது யார்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் 'நிர்வாகம்' என்றால், 'நான் மனமுவந்து போகிறேன்' என்ற வாக்கியத்துக்குக் கீழே நம் கைநாட்டு எதற்கு?

கையெழுத்து போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் சொல்வார்கள். அதையும் அப்படியே நம்பாதீர்கள். சட்டத்தை விடக் குறைவாகக் கொடுக்கும் வேலை ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. விலகியது உண்மையிலேயே மனமுவந்துதானா என்பதும் விசாரித்து அறிய வேண்டிய விஷயம். அந்த அக்காவும் பக்கத்து லயத்துக் குடும்பங்களும் தொழிலாளர் இலாகாவுக்குப் போனார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் அலைந்தார்கள். கைநாட்டு வைக்காத குடும்பங்களுக்கு முழுப் பணமும் சீக்கிரம் கிடைத்தது. வைத்தவர்கள் ஒவ்வொரு நாளும் போய் நின்று, 'மனமுவந்து' என்ற சொல் தம்முடையது அல்ல என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. கடைசியில் பேசித் தீர்த்தபோது அக்காவுக்குக் கிடைத்தது 11,000 வெள்ளி அல்ல, அதில் ஒரு பகுதிதான்.

'செத்திங்கான்'

தமிழில் இதைப் 'புறம்போக்குவாசி' என்கிறோம். புறம்போக்கு என்பது வரிக் கணக்குக்கு வெளியே விடப்பட்ட நிலத்தின் பெயர். நிலத்துக்கு வைத்த பெயர் போகப் போக மனிதனைத் திட்டும் சொல்லாகவே ஆகிவிட்டது.

இந்தச் சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன எடை என்று பாருங்கள். 1982இல் சிடேக் பின் ஹாஜி முகமட் வழக்கில், புறம்போக்குவாசிக்குச் சட்டத்திலும் நியாய உரிமையிலும் இடமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் போதும் என்று பல நில உரிமையாளர்கள் நினைத்தார்கள். 89ஆம் கட்டளை என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சாட்சி விசாரணை இல்லாமல், சத்தியப் பிரமாணப் பத்திரங்களை மட்டும் வைத்து வெளியேற்ற உத்தரவு வாங்கலாம்.

ஆனால் 1991இல் போஹாரி பின் தாயிப் வழக்கில் அன்றைய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டியது. அனுமதியே இல்லாமல் நுழைந்தவர் வேறு. அனுமதியோடு வந்து தங்கியவர் வேறு. எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்துக் குறுக்கு வழியில் வெளியேற்றக் கூடாது, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றது.

தோட்டத்து மக்கள் யார்? நம் பாட்டனும் பாட்டியும் வேலி தாண்டி இரவில் நுழைந்தவர்களா? கம்பெனி ஆள் வைத்துக் கூட்டி வந்து, லயத்தில் இடம் காட்டி, பெரட்டில் பெயர் கூப்பிட்டு, காலை ஐந்து மணிக்குக் காட்டுக்கு அனுப்பியவர்கள் அல்லவா? அந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலைக்கு வைக்கும்போது 'என் ஆள்' என்றவர், வேலை முடிந்ததும் 'அத்துமீறியவர்' என்றால் அது எப்படிப் பொருந்தும்?

இந்த வேறுபாட்டைச் சொன்னால் எல்லா வழக்கிலும் வென்றுவிடலாம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேலை முடிந்தால் வீட்டில் தங்கும் அனுமதியும் முடிகிறது என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடுகிறது. தோற்ற வழக்குகள் பல உண்டு. ஆனால் 'நாங்க செத்திங்கான்தான், ஏதோ பாத்து செய்யுங்க' என்று நாமே போய்ச் சொன்னால் வழக்கு தொடங்கும் முன்பே தோற்றுவிடுகிறோம். மாற்று வீடு கேட்டுப் பேசும் மேசையில்கூட நம் நாற்காலி எங்கே போடப்படும் என்பதை அந்தச் சொல் முடிவு செய்துவிடுகிறது.

சொல் உள்ளே போனால் என்ன ஆகும்?

கடிதத்தில் உள்ள சொல்லை வழக்கறிஞர் படித்துச் சொல்லிவிடுவார். மனத்துக்குள் போய்விட்ட சொல்லை யார் எடுப்பது?

'கூலி' என்பது நம் மொழியில் உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் அது மனிதனின் பெயர் ஆனது. வாங்க வேண்டிய காசின் பெயரே ஆளுக்கு வைக்கப்பட்டது. அதை நாமும் ஏற்றுக்கொண்டு, 'நாம கூலிக்கு வந்த சாதி' என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'பென்டாத்தாங்' என்ற சொல்லும் அப்படித்தான். 2008 ஆகஸ்டில் பினாங்கில் ஓர் அரசியல்வாதி சீன மக்களைப் பார்த்து 'பெனும்பாங்' என்றார். ஒண்ட வந்தவர்கள் என்று பொருள். அவருடைய கட்சியே அவரை மூன்று ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்ய வேண்டி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த நம்மவர் ஒருவர் என்னிடம், "நம்ம நெலமையும் அதான சார்" என்றார். அவர் பிறந்தது போர்ட்டிக்சன் மருத்துவமனையில். அவர் தந்தை பிறந்தது லுக்குட்டில் ஒரு தோட்டத்து லயத்தில். சட்டப்படி அவர் இந்நாட்டுக் குடிமகன். சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி, அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்த இடம் தவிர, குடிமகனிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 8ஆம் விதி. அந்த விதி அவர் சட்டைப் பையில் உள்ள மைகார்டுக்கும் சேர்த்துத்தான். ஆனால் அவர் மனத்தில் 'ஒண்ட வந்தவன்' என்ற சொல் மைகார்டை விட ஆழமாகப் பதிந்திருந்தது.

பக்கத்து நாட்டுக் கதையையும் கேளுங்கள். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் தமிழர்களை அரசுப் பதிவேடுகள் 'இந்தியத் தமிழர்' என்றன. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பது போலப் பிரித்தது. 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. பெயருக்கு முன்னால் ஒட்டிய ஒரு சொல், 'இவர்கள் இந்த ஊர்க்காரர்கள் அல்லர்' என்ற தீர்ப்பைச் சட்டத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தது. அந்த மக்கள் பின்னர் தங்களை 'மலையகத் தமிழர்' என்று தாங்களே அழைத்துக்கொண்டார்கள். எந்த மண்ணில் உழைத்தோமோ அந்த மண்ணே எங்கள் பெயர் என்றார்கள். உரிமைப் போராட்டத்துக்கு அந்தப் பெயரும் ஓர் ஆயுதம் ஆனது.

நம் முன்னோர் நிறுத்துப் பார்த்தவர்கள்

இது படித்தவர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் அதில் முன்னணியில் நின்றார். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும்!

சைக்கிளை விட்டு இறங்கினால் சம்பளமா குறைகிறது? இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 'நான் உனக்குக் கீழே' என்று உடம்பால் ஒரு வாக்கியம் சொல்கிறோம் என்பதை அந்த மக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே சம்பள உயர்வு கேட்க முடியாது என்றும் புரிந்துகொண்டார்கள். அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சாகவில்லை.

நம் பேச்சையும் நிறுப்போம்

அடுத்தவர் பேச்சை மட்டும் நிறுத்துவிட்டு நம் பேச்சை விட்டுவிட்டால் அது கள்ளத் தராசு.

'இண்டர்லோக்' நாவல் விவகாரம் நினைவிருக்கும். 2011இல் நம் மாநிலத்திலும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அது பாடநூலாக வந்தது. அதில் நம் சமூகத்தைப் பற்றிப் 'பறையா' என்ற சொல் இடம்பெற்றதைக் கண்டித்துப் போராடினோம். அந்த ஆண்டு இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்படும் என்ற அறிவிப்பு வந்தது. போராட்டம் நியாயமானது. ஆனால் அப்போது நம்மில் சிலர் மேடையில் என்ன பேசினார்கள்? "இங்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சாதி இல்லை, உயர்ந்த சாதிக்காரர்களும் வந்தார்கள்" என்று பேசினார்கள். இதை நிறுத்துப் பாருங்கள். அந்தச் சொல் இழிவு என்பதை ஏற்றுக்கொண்டு, 'அது எனக்கு இல்லை, அவனுக்கு' என்று பக்கத்து லயத்துக்காரன் மேல் தள்ளிவிடும் பேச்சு அல்லவா அது? எந்த மனிதனையும் பிறப்பை வைத்து இழிவு செய்யாதே என்பதுதான் நம் வாதமாக இருந்திருக்க வேண்டும்.

2007 நவம்பர் 25 பேரணி நம் சமூகத்தின் பேச்சையே மாற்றியது. அதுவரை நாம் 'கருணை காட்டுங்கள்' என்று மனு கொடுத்தவர்கள். அன்று முதல் 'உரிமை' என்ற சொல் சாதாரண வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 'மக்கள் சக்தி' என்று கத்திய தோட்டத்துப் பெண்களின் முகத்தை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் அதே காலத்தில் நம் தரப்பு பயன்படுத்திய சில பெரிய சொற்களும், லட்சம் கோடிகளில் சொன்ன இழப்பீட்டுத் தொகைகளும் நமக்கு உதவினவா, எதிரிக்கு உதவினவா என்பதை இன்று நிதானமாகக் கேட்க வேண்டும். கேட்பவர் காது அடைபடும் அளவுக்குப் பெரிய சொல்லைப் போட்டால், அதற்குப் பின்னால் இருக்கும் 11,000 வெள்ளி அக்காவின் கணக்கு காதில் விழாது. கடுமையாகப் பேச வேண்டிய நேரமும் உண்டு. ஆனால் கோபத்துக்குத் தகுந்த சொல் வேறு, உண்மைக்குத் தகுந்த சொல் வேறு. இரண்டும் ஒன்றாக இருக்கும்போதுதான் நாம் பலசாலிகள். தலைவர் மேடையில் பேசும்போது நமக்கு மெய் சிலிர்த்தால், சிலிர்ப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: அவர் என்ன செய்வதாகச் சொன்னார், எந்தத் தேதிக்குள்?

இனி வீட்டுக்குள் வருவோம். பட்டணத்துக்குக் குடிபோன நம்மவர்களே இன்னும் தோட்டத்தில் இருப்பவரைத் 'தோட்டக்காட்டான்' என்கிறார்கள். கடைசி வகுப்பில் படிக்கும் பையனை வாத்தியார் ஒரு பெயர் சொல்கிறார், அப்பா வீட்டில் "நீ உருப்பட மாட்ட" என்கிறார், போலீஸ்காரர் தெருவில் 'கேங்ஸ்டர்' என்கிறார். மூன்று பேரும் ஒரே பொருளைச் சொன்னால் பதினைந்து வயதுப் பிள்ளை அதை நம்பாமல் வேறு என்ன செய்வான்?

இன்று லயங்களில் வங்காளதேசத்துக்காரரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். அவர்களை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? "இவனுங்க வந்துதான் நம்ம பொழப்பு போச்சு" என்று பேசுகிறோம். அவர்களைக் கொண்டு வந்தது யார், குறைந்த சம்பளம் நிர்ணயித்தது யார்? இங்கேயும் எழுவாயைத் தேடுங்கள். நம் பாட்டனைப் பார்த்து அன்று சொன்ன சொல்லை இன்று நாம் இன்னோர் ஏழையைப் பார்த்துச் சொல்கிறோம்.

நான்கு கேள்விகள்

இதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. கடிதம் வந்தாலும், தலைவர் பேசினாலும், பத்திரிகைச் செய்தி படித்தாலும் நான்கு கேள்விகள் போதும்.

ஒன்று: இதைச் சொல்வது யார்? இதனால் அவருக்கு என்ன லாபம்?

இரண்டு: இது என்னை என்ன பெயர் சொல்லி அழைக்கிறது? அந்தப் பெயர் உண்மையா?

மூன்று: இதைக் கேட்டதும் எனக்கு வருவது பயமா, நன்றியா, வெட்கமா, ஆவேசமா? அந்த உணர்ச்சி அடங்கிய பிறகும் இது நியாயமாகத் தெரிகிறதா?

நான்கு: இதில் சொல்லாமல் விட்டது என்ன? செய்தது யார் என்ற எழுவாய் எங்கே?

இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கோயில் மண்டபத்திலோ ஆயாக் கொட்டகையிலோ ஒட்டி வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத பாட்டிக்குச் சொல்லட்டும். நிர்வாகத்திடமிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே கையெழுத்து போடாதீர்கள். ஒரு பிரதி வாங்கி வீட்டுக்குக் கொண்டு போங்கள். பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து படியுங்கள். புரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். பிறகு தொழிற்சங்கத்திடமோ, தொழிலாளர் இலாகாவிடமோ, வழக்கறிஞரிடமோ கேளுங்கள்.

அந்த அக்காவைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ரந்தாவ் சந்தையில் பார்த்தேன். பேத்தியோடு வந்திருந்தார். பேத்திக்குப் பள்ளியிலிருந்து ஏதோ ஒரு பாரம் கொடுத்திருந்தார்களாம். "படிச்சிப் பாக்காம கையெழுத்து போட மாட்டேன்னு வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன் தம்பி. அவருக்குக் கோவம். நான் என்ன பண்றது? எனக்கு எவ்வளவு போச்சின்னு எனக்குத்தான தெரியும்" என்றார்.

அவர் இழந்தது சில ஆயிரம் வெள்ளி. அவர் பேத்தி அதை இழக்க வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளும் இழக்க வேண்டியதில்லை.

சிந்திப்போம். கேட்போம். பிறகு கையெழுத்து போடுவோம்.